சவ்வு பாதி விடுமா, பாத்து விடுமா?

போன வாரம் டியூஷன்ல ஒன்பதாவது படிக்கிற பொண்ணு ஒருத்தி எழுதிக் காட்டின பதில் இது: "அரை ஊடுருவும் சவ்வு என்பது பாதி நீரை உள்ளே விட்டு மீதிப் பாதியைத் தடுக்கும் சவ்வு ஆகும்." நான் சிரிச்சிட்டேன், அவ முகம் சுருங்கிப் போச்சு. அப்புறம் யோசிச்சா அதுல சிரிக்க ஒண்ணும் இல்ல. அரைக்கிலோ தக்காளின்னா பாதி கிலோ, அரைநாள் லீவுன்னா பாதி நாள், அப்போ அரை ஊடுருவும்னா? தமிழ் தெரிஞ்ச பிள்ள சொல்ல நம்பி அர்த்தம் பண்ணிருக்கு, அவ்வளவுதான். சொல்லுதான் அவள ஏமாத்திருச்சு. சரி விடுவோம்னு பாத்தா அன்னிக்கு ராத்திரியே ஒரு பாட வீடியோல அதே கதை, அதுல இன்னும் ஒரு படி மேல போயி "அரை ஊடுருவக்கூடிய சவ்வு", அதையும் நிறுத்தி நிதானமா மூணு நிமிஷத்துக்கு ஒருதரம் சொல்றாங்க. இதுக்கு மேல பொறுக்க முடியல, அதான் எழுத உக்காந்துட்டேன்.

மொதல்ல விஷயம் என்னன்னு சொல்லிடறேன். ஒவ்வொரு செல்லச் சுத்தியும் ரொம்ப மெல்லிசா ஒரு கொழுப்புப் படலம் இருக்கு, ரெண்டு அடுக்கு, தடிமன் ஏழெட்டு நானோமீட்டர்தான். எது உள்ள வரணும் எது வெளிய போகணும்னு தீர்மானிக்கிறது அந்தப் படலமும் அதுல அங்கங்க பதிஞ்சிருக்கிற புரதங்களும்தான். இதத்தான் செமிபெர்மியபிள் மெம்பரேன்னு இங்கிலீஷ்ல சொல்லிப் பழகிட்டாங்க. லத்தீன்ல செமின்னா பாதி, பெர்னா ஊடாக, மியாரேன்னா போறது, மெம்ப்ரானான்னா தோல். சவ்வு நம்ம சொல்லு, ஜவ்வு மிட்டாய் ஜவ்வும் அதுதான், அதப்பத்தி சண்டை இல்ல.

செமிங்கிற ஒட்டு எப்படி வந்துச்சுன்னு தெரிஞ்சாத்தான் அரை ஏன் தப்புன்னு புரியும். 1748ல பிரான்ஸ்ல நொல்லேன்னு ஒரு பாதிரியார், சாராயம் நெறச்ச பாத்திரத்தோட வாய பன்னியோட மூத்திரப்பைத் தோலால இறுக்கிக் கட்டி தண்ணிக்குள்ள முக்கி வச்சாரு, கொஞ்ச நேரத்துல தோல் வெளிப்பக்கமா புடைச்சிக்கிச்சு, ஊசியால குத்துனா பீச்சி அடிச்சுது. தண்ணி உள்ள போயிருக்கு, சாராயம் அந்த அளவுக்கு வெளிய வரல. 1820கள்ல துத்ரோஷேன்னு ஒரு பிரெஞ்சு விஞ்ஞானி, சவ்வு வழியா தண்ணி இப்படிப் போறதுக்கு கிரேக்கத்துல இருந்து பேர் எடுத்தாரு, ஓஸ்மோஸ்னா தள்ளுறது, அதுல இருந்துதான் ஆஸ்மாசிஸ் வந்துச்சு. 1880கள்ல வான்ட் ஹாஃப்னு ஒரு டச்சு வேதியியலாளர் வந்து அந்தத் தள்ளுற அழுத்தத்துக்குக் கணக்கு போட்டாரு (வேதியியலுக்கான மொத நோபல், 1901, அவருக்குத்தான்). அவரு கணக்குல வர்ற சவ்வு நெசச் சவ்வு இல்ல, மனசுல நெனச்சுக்கிட்ட ஒண்ணு. கரைப்பான (தண்ணி மாதிரி கரைக்கிறத) முழுசா விடும், கரைபொருள (உப்பு, சர்க்கரை மாதிரி அதுல கரைஞ்சிருக்கிறத) துளிகூட விடாது. ரெண்டு பேர்ல ஒருத்தன் போலாம், இன்னொருத்தன் கூடாது. அந்த அர்த்தத்துல செமின்னு சொன்னா ஒத்துக்கலாம், ரெண்டு கூறுல ஒரு கூறு போகுதுல்ல. பழைய வேதியியல் புத்தகத்துல "ஒரு கூறு புகவிடும் சவ்வு"ன்னு ஒரு சொல் இருந்துச்சு, ஞாபகம் இருக்கா? எவ்வளவு சுத்தமான சொல்லு! யாரு போட்டாங்களோ, விஷயத்தப் புரிஞ்சிக்கிட்டு போட்டிருக்காங்க. அதத் தூக்கி ஓரமா வச்சிட்டு அரைய எடுத்துக்கிட்டோம்.

இப்போ ஒருத்தர் கேப்பாரு, ஏம்மா, தமிழ்ல அரைன்னா எப்பவும் சரிபாதிதானா, அரைத்தூக்கம் அரைமனசுன்னு சொல்றோமே, அங்க யாரு தராசு வச்சு நிறுத்தாங்கன்னு. நியாயமான கேள்வி. ஆனா அரைத்தூக்கம்னா என்ன? தூக்கம் முழுசா இல்ல, கொறச்சலா இருக்கு. அரைமனசா சம்மதிச்சான்னா சம்மதம் கொறச்சல். அரைவேக்காடுன்னா வேக்காடு கொறச்சல். எல்லாத்துலயும் அரைங்கிறது ஒரே பொருளோட அளவக் கொறைக்குது. சவ்வு அப்படியா? அது ஆக்சிஜன கேள்வி கேக்காம விடும், சோடியம் அயனிய (மின்னூட்டம் உள்ள அணு) படலம் வழியா கிட்டத்தட்ட விடவே விடாது. இங்க கொறச்சல்ங்கிற பேச்சே இல்ல, ஆளப் பாத்து முடிவு. கல்யாண மண்டப வாசல்ல நிக்கிறவரு பத்திரிகை வச்சிருக்கிறவர விடறாரு, இல்லாதவர நிறுத்துறாருன்னா அத "அரைவாசல்"னா சொல்லுவோம்?

ஆளப் பாத்துன்னு சும்மா சொல்லல. பொட்டாசியம் அயனிக்குன்னு சவ்வுல ஒரு வழி உண்டு, புரதத்தால ஆன சின்னக் குழாய். சோடியம் அயனி பொட்டாசியத்த விட சின்னது. ஜல்லடையா இருந்தா சின்னது சுலபமா போயிருக்கணும்ல? போகாது. ஒரு சோடியம் தப்பித் தவறி நுழையறதுக்குள்ள பத்தாயிரம் பொட்டாசியம் போயிருக்கும். ஏன்னா தண்ணில இருக்கிற அயனியச் சுத்தி தண்ணி மூலக்கூறுங்க ஒட்டிக்கிட்டிருக்கும், அத உதறிட்டுத்தான் குழாயோட குறுகலான எடத்துல நுழைய முடியும். குழாய்ச் சுவர்ல இருக்கிற ஆக்சிஜன் அணுக்கள் பொட்டாசியத்துக்கு அளவெடுத்து வச்ச மாதிரி நிக்குது, தண்ணிய விட்டுட்டு வந்தா இது பிடிச்சுக்கும். சோடியம் சின்னதா இருக்கிறதால ரெண்டு பக்கமும் எட்டாது, தண்ணிய உதறுனா நட்டம், அதனால வெளியவே நின்னுக்குது. 1998ல மக்கினன் இந்தக் குழாயோட அமைப்ப வெளியிட்டாரு, தண்ணி மட்டும் போற குழாயக் கண்டுபிடிச்ச ஏக்ரே கூட சேத்து 2003ல நோபல் குடுத்தாங்க. இவ்வளவு நுணுக்கமா ஆள் பாக்கிற ஒண்ணுக்கு நாம வச்ச பேரு அரை.

சவ்வு ஆள் பாக்கிறதுக்கு இன்னொரு உதாரணம், ஓ.ஆர்.எஸ்.னு சொல்ற உப்பு சர்க்கரைக் கரைசல எடுத்துக்கோங்க. பிள்ளைக்கு வயித்தால போகுது, வெறும் தண்ணி குடுத்தா நிக்கல, உப்பும் சர்க்கரையும் சேத்து கலக்கிக் குடுத்தா உடம்புல பிடிக்குது. சர்க்கரை தெம்புக்குன்னு பாதி பேரு நெனச்சிட்டிருக்காங்க. சிறுகுடல் செல்லோட சவ்வுல ஒரு புரதம் இருக்கு, அதுக்கு ரெண்டு சோடியமும் ஒரு குளுகோஸும் ஜோடியா வந்தாத்தான் உள்ள எடுத்துக்கும், தனியா வந்தா எடுக்காது. அதுங்க உள்ள போனா பின்னாலயே தண்ணி போகும். காலரால கூட இந்த வழி அடைபடறதில்ல, அதான் சூட்சுமம். 1971ல பங்களாதேஷ் போர் நேரத்துல எல்லையில இருந்த அகதி முகாம்ல டாக்டர் திலீப் மஹலனாபிஸ் டிரிப்ஸ் பாட்டில் தீந்து போனப்போ இந்தக் கரைசல டிரம்மு டிரம்மா கலக்கிக் குடுத்து அத்தனை உயிரக் காப்பாத்தினாரு. வீட்ல பண்ணணும்னா ஒரு லிட்டர் சுத்தமான தண்ணிக்கு ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, தலை தட்டி. பாத்தீங்களா, அரைன்னா இதுதான் அரை, இங்க கூடக் கொறைய போட்டா ஆபத்து!

சரி, அரைய விட்டாச்சு, அடுத்தது ஊடுருவும். இது இன்னும் மோசம். ஊடு + உருவு. உருவுன்னா துளைச்சிக்கிட்டு போறது, அம்பு மார்ப ஊடுருவுச்சும்போம், பேப்பர்ல பாத்தா எல்லையில ஊடுருவல் முறியடிப்பு. அதாவது போறவன்தான் அங்க ஆளு, வழியில இருக்கிறது பாவம் கிழிபடற வஸ்து. செல் சவ்வு கதையில நெலம தலைகீழ். விடலாமா கூடாதான்னு சவ்வுதான் முடிவு பண்ணுது, குளுகோஸ் யாரையும் துளைக்கல, கதவு தெறந்தா போகுது. அதோட இலக்கணத்த பாருங்க, "ஊடுருவும் அம்பு"ன்னா ஊடுருவறது அம்பு. "ஊடுருவும் பார்வை"ன்னா ஊடுருவறது பார்வை. அப்போ "ஊடுருவும் சவ்வு"ன்னா? சவ்வு போயி எதையோ துளைக்குது! படுக்கிற பாய்னு சொல்றோமே, பாயா படுக்குதுன்னு கேக்கலாம், ஆனா பாய் படுக்காதுன்னு எல்லாருக்கும் தெரியும், அதனால குழப்பம் வராது. சவ்வு என்ன செய்யும்னு தெரியாமத்தானே பிள்ள படிக்கவே வந்திருக்கு, அதுகிட்ட போயி இந்தக் குழப்பத்த வச்சா?

இதுக்கு மாத்தா "தேர்வு கடத்து சவ்வு"ன்னு ஒண்ணு வந்திருக்கு. நோக்கம் நல்ல நோக்கம்தான், அரை போயி தேர்வு வந்திருச்சு, அத மெச்சணும். ஆனா காதுல விழும்போது எப்படி இருக்கு? பள்ளிக்கூடப் பிள்ளைக்கு தேர்வுன்னா பரீட்சை, கடத்தல்னா தங்கம் கடத்தறது ஆள் கடத்தறது. நான் இந்தச் சொல்ல போர்டுல எழுதினதும் கடைசி பெஞ்சுப் பையன் "அக்கா, இது கொஸ்டின் பேப்பர் லீக் பண்றவன் தானே"ன்னான். இன்னொரு சங்கடமும் இருக்கு, சில பேரு அரைக்கடத்து சவ்வுன்னும் எழுதறாங்க, அரைக்கடத்தின்னா செமிகண்டக்டர். ஒரே பிள்ள காலையில பிசிக்ஸ்லயும் மத்தியானம் பயாலஜிலயும் ரெண்டையும் படிக்குது. பிசிக்ஸ்காரங்களாவது குறைகடத்தின்னு ஒண்ணு வச்சிருக்காங்க, அங்க அது பொருந்தவும் செய்யுது, ஏன்னா அங்க உண்மையாவே கடத்தல் கொறச்சல்.

இலங்கைத் தமிழ்ப் புத்தகங்கள்ல பெர்மியபிளுக்கு "ஊடுபுகவிடும்"னு இருக்கும். எனக்கு இந்தச் சொல்ல மொத மொத படிச்சப்போ ஒரு பொறாமையே வந்துச்சு. விடும்ங்கிற வினை உள்ள ஒக்காந்திருக்கு பாருங்க, புகறது பொருள், விடறது சவ்வு, ரெண்டு பேரோட வேலையும் ஒரே சொல்லுல தெளிவா பிரிஞ்சு நிக்குது. செல்லுக்கு அவங்க கலம்ங்கிறாங்க, ஒரு பாத்திரம் மாதிரி, அதுவும் அழகுதான். (நம்ம செல்லுக்கு தமிழ்ல கரையான்னு வேற ஒரு அர்த்தம் உண்டு, செல்லரிச்ச ஏடு. இருந்தாலும் செல்ல நான் விடமாட்டேன், பேசற வாய்க்கு அதுதான் வருது.) எல்லாத்துலயும் அவங்க ஜெயிச்சுட்டாங்கன்னு சொல்லல, ஆஸ்மாசிஸுக்கு பிரசாரணம்னு வச்சிருக்காங்க, அது எனக்கு எலெக்‌ஷன் பிரச்சாரமாத்தான் கேக்குது. அதுல நம்ம சவ்வூடு பரவல் பத்து மடங்கு தேவல, சொல்லப் பிரிச்சாலே பாடம் முடிஞ்சுது.

ஆக ரெண்டு கரையில இருந்தும் எடுத்துக்கிட்டா, என் கணக்குல இப்படி: வான்ட் ஹாஃபோட கற்பனைச் சவ்வுக்கு ஒரு கூறு புகவிடும் சவ்வு, உயிருள்ள செல்லுக்கு தேர்ந்து புகவிடும் சவ்வு. தேர்வு இல்ல, தேர்ந்து. அந்தச் சின்ன மாத்தம் பரீட்சைய வெளிய தள்ளிட்டு தேர்ந்தெடுக்கறத உள்ள கொண்டு வந்திருது. நீளமா இருக்கேன்னு சொல்லாதீங்க, "அரை ஊடுருவக்கூடிய" மட்டும் என்ன குட்டையா?

இந்தக் "கூடிய"வப் பத்தியும் சொல்லியாகணும், இங்கிலீஷ்ல ஏபிள்னு வால் தெரிஞ்சா போதும், கண்ண மூடிக்கிட்டு "கூடிய" ஒட்டிடறாங்க. கரையக்கூடிய, குடிக்கக்கூடிய, ஊடுருவக்கூடிய. கரையும் உப்பு, குடிதண்ணின்னு சொல்லிக்கிட்டிருந்த ஜனம் நாம. இப்போ மெஷின் வேற மொழிபெயர்க்குது, அது எங்க இருந்து கத்துக்குது? நாம ஏற்கெனவே எழுதி வச்ச அரையில இருந்துதான். நான் தனித்தமிழ் ஆளும் இல்ல, ஆஸ்மாசிஸ்னே தமிழ் எழுத்துல எழுதுனாலும் எனக்கு சம்மதம், அது தெரியாத சொல்லாவாவது நிக்கும், பிள்ள அர்த்தம் கேக்கும். தப்பான தமிழ்ச் சொல்லுதான் பயம், ஏன்னா அது தெரிஞ்ச சொல் மாதிரி வேஷம் போட்டுக்கிட்டு வரும், யாரும் கேக்க மாட்டாங்க.

அந்தப் பொண்ணுக்கு மறுநாள் வெள்ளரிக்காய வெட்டி உப்பு தூவி தட்டுல வச்சு காட்டினேன், பத்து நிமிஷத்துல தட்டு நெறைய தண்ணி. "அக்கா, தண்ணிய மட்டும் வெளிய விட்டுருச்சு, பச்சை நெறத்த விடலயே"ன்னா. அவ்வளவுதான், பாடம் முடிஞ்சுது, நோட்டுல தேர்ந்து புகவிடும் சவ்வுன்னு அவளே எழுதிக்கிட்டா. ஆனா பரீட்சைல மட்டும் புத்தகத்துல இருக்கிற சொல்லையே எழுதுன்னு சொல்லி வச்சிருக்கேன். ஒரு மார்க் கொறஞ்சாலும் அவங்கம்மா என்னைய விடமாட்டாங்க.