தடையை விதிக்க ஒரு நாள், விலக்க எத்தனை ஆண்டு?

ஒரு நாட்டின் மீது பொருளாதாரத் தடை என்று செய்தி வந்ததும் இரண்டு குரல்கள் எழும். இப்படி நெருக்கினால்தான் வழிக்கு வருவார்கள் என்பது ஒன்று. பேசித் தீர்க்க வேண்டியதற்கு ஏன் மக்களை வதைக்கிறீர்கள் என்பது இன்னொன்று. வங்கியில் ஏற்றுமதி, இறக்குமதி ஆவணங்களைத் தடைப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்க்கும் பிரிவில் பல ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். இந்த இரு தரப்பும் பேசாத ஒரு விஷயத்தைச் சொல்லியே ஆக வேண்டும் என்று தோன்றுகிறது. அரசு தடையை அறிவிக்கிறது. அதை நடத்துவது வங்கி மேசை. பேச்சுவார்த்தையில் தூதர்கள் கொடுத்த வாக்கு பலிப்பதும் பொய்ப்பதும் அதே மேசையில்தான்.

ஒரு எல்.சி. (சரக்குக்கான பணத்தைத் தருவதாக வாங்குபவரின் வங்கி கொடுக்கும் உத்தரவாதம்) வந்தால் வாங்குபவர், விற்பவர், இரு பக்க வங்கிகள், கப்பல், கப்பலின் உரிமையாளர், துறைமுகங்கள் என எல்லாப் பெயர்களும் ஸ்கிரீனிங் மென்பொருளுக்குள் போகும். ஏதாவது ஒரு பெயர் பட்டியலோடு ஒத்துப்போனால் பணம் அங்கேயே நின்றுவிடும். ஒரே பெயரில் ஆயிரக்கணக்கானோர் இருக்கும் சமூகங்களில் சம்பந்தமே இல்லாதவர்கள்தான் அதிகம் மாட்டுவார்கள். பிறந்த தேதி, பாஸ்போர்ட் எண், முகவரி எல்லாம் கேட்டு வாங்கி விடுவிக்க நாள் கணக்காகும். பெயர் பட்டியலில் இல்லை என்பதாலும் தப்பிவிட முடியாது. அமெரிக்கக் கருவூலத் துறையின் முடக்கப் பட்டியலில் உள்ளவர்கள் சேர்ந்து 50 சதவீதமோ அதற்கு மேலோ பங்கு வைத்திருந்தால் அந்த நிறுவனமும் முடக்கப்பட்டதுதான். ஆகவே யாருக்கு எவ்வளவு பங்கு என்று தோண்டிப் பார்க்க வேண்டும்.

மருந்துக்கும் உணவுக்கும் விலக்கு உண்டே என்று கேட்பீர்கள். சட்டத்தில் உண்டு. ஈரானுக்குப் போகும் டயாலிசிஸ் வடிகட்டிகளின் இன்வாய்ஸ் ஒன்று வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சரக்கு விலக்குக்குள் வருகிறது, வாங்குபவர் மீது தடை இல்லை, தாள்கள் சரியாக இருக்கின்றன. ஆனால் பணம் நேராக வந்து சேராது. நடுவில் ஒரு வெளிநாட்டு வங்கி கைமாற்றிக் கொடுக்க வேண்டும். அங்கிருந்து ஒற்றை வரியில் பதில் வரும்: 'எங்கள் உள் கொள்கைப்படி இதைக் கையாள இயலாது.' எந்தச் சட்டம், எந்தப் பிரிவு என்று ஒன்றும் இருக்காது. கப்பல் காப்பீட்டுக்காரரும் கை விரித்தால் ஏற்றுமதியாளர் அந்த வாடிக்கையாளரையே விட்டுவிடுவார். சிறுநீரகம் செயலிழந்த யாரோ ஒருவருக்கான பொருள், எந்தச் சட்டமும் தடுக்காமலேயே நின்றுபோகிறது. இத்தனை ஆண்டு வேலையில் என்னை மிகவும் வருத்துவது இதுதான்.

அந்த வங்கி அதிகாரியை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. சூடான், ஈரான், கியூபா தொடர்பான பரிவர்த்தனைகளுக்காக பிரான்சின் பிஎன்பி பாரிபா வங்கி 2014இல் அமெரிக்காவில் குற்றத்தை ஒப்புக்கொண்டு கட்டிய தொகை சுமார் 890 கோடி டாலர். அதைப் பார்த்த எந்த வங்கியும் ஒரு பெட்டி மருந்தில் கிடைக்கும் அற்பக் கமிஷனுக்காக அந்த ஆபத்தைத் தலையில் ஏற்றிக்கொள்ளாது. இதைச் சரிசெய்ய முயற்சிகள் நடக்காமல் இல்லை. ஈரானுக்குப் போகும் மருந்து, உணவு, விமானப் பாதுகாப்புப் பொருட்களுக்குத் தடங்கல் கூடாது என்று 2018 அக்டோபரில் சர்வதேச நீதிமன்றம் அமெரிக்காவுக்கு இடைக்கால உத்தரவு போட்டது. டாலரைத் தொடாமல் ஈரானோடு வணிகம் செய்ய ஐரோப்பிய நாடுகள் 2019இல் இன்ஸ்டெக்ஸ் என்ற அமைப்பைத் தொடங்கின. ஒரே ஒரு பரிவர்த்தனையோடு அது 2023இல் மூடப்பட்டது.

அப்படியானால் தடையே தேவையில்லையா? நான் அப்படிச் சொல்லவில்லை. ஆயுதம் கடத்துபவரின் கணக்கையும், சொந்த மக்களைச் சுடச் சொன்ன தளபதியின் சொத்தையும் முடக்குவது நியாயம். ஆனால் அழுத்தம் மட்டும் எதையும் முடித்துவைக்காது. அணுசக்தித் திட்டத்துக்காக ஈரான் மீது ஐ.நா. முதல் தடைகளை விதித்தது 2006 டிசம்பரில். அப்போது அந்த நாட்டில் யுரேனியத்தைச் செறிவூட்டும், அதாவது மின் உலைக்கோ அணுகுண்டுக்கோ ஏற்றபடி அதன் செறிவைக் கூட்டும், மையவிலக்குக் கருவிகள் சில நூறுதான் இயங்கின. தடைகள் ஆண்டுக்கு ஆண்டு இறுகின. 2012இல் ஈரானிய வங்கிகள், நாடு விட்டு நாடு பணம் அனுப்ப வங்கிகள் செய்தி பரிமாறும் ஸ்விஃப்ட் வலையமைப்பிலிருந்தே வெட்டப்பட்டன. எண்ணெய் வருமானம் சரிந்தது. 2013இல் நிறுவப்பட்டிருந்த கருவிகளின் எண்ணிக்கை ஏறத்தாழ 19,000. நெருக்கடியும் ஏறியது, கருவிகளும் ஏறின.

எண்ணிக்கை இறங்கத் தொடங்கியது பேச்சுக்குப் பிறகுதான். ஓமன் நாட்டின் உதவியோடு அமெரிக்காவும் ஈரானும் ரகசியமாகச் சந்தித்தன. ஓரளவு செறிவூட்டலை ஏற்கலாம் என்று ஒரு பக்கமும், கண்காணிப்பை ஏற்கலாம் என்று மறுபக்கமும் இறங்கி வந்தன. 2015 ஜூலை 14 அன்று வியன்னாவில் ஒப்பந்தம் முடிந்தது. செறிவூட்டல் 3.67 சதவீதத்தைத் தாண்டக்கூடாது, கையிருப்பு 300 கிலோவுக்கு மேல் கூடாது, நிறுவப்பட்ட கருவிகள் சுமார் 6,000. சர்வதேச அணுசக்தி முகமையின் ஆய்வாளர்கள் உள்ளே போய்ப் பார்த்தார்கள். முன்பு விழுந்த பொருளாதார அடி ஈரானை மேசைக்குத் தள்ளியதில் பங்கு வகித்தது, அதை மறுக்க மாட்டேன். ஆனால் தடையை விலக்கித் தருகிறோம் என்ற பேரம் இருந்ததால்தான் அந்த அடிக்கு மதிப்பு வந்தது.

2016 ஜனவரி 16 அன்று அணுசக்தி தொடர்பான தடைகள் விலகின. வெளியில் கொண்டாட்டம். வங்கிகளில் பெரிதாக ஒன்றும் மாறவில்லை. அமெரிக்காவின் மற்ற தடைகள் அப்படியே இருந்ததால் டாலர் பரிவர்த்தனை முடியாது. பெரிய வங்கிகள் ஒதுங்கியே நின்றன. அமெரிக்க வெளியுறவு அமைச்சர் ஜான் கெர்ரி அந்த மே மாதம் லண்டனுக்கே போய், முறையான வணிகத்துக்குத் தடையில்லை என்று ஐரோப்பிய வங்கியாளர்களிடம் எடுத்துச் சொன்னார். ஒரு வல்லரசின் அமைச்சர் நேரில் வந்து கேட்டும் பெரும்பாலான வங்கிகள் அசையவில்லை. இதைத்தான் நான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்: விதிக்கும்போது ஒரே இரவில் நடக்கிறது, விலக்கும்போது அரசு சொன்னாலும் நடப்பதில்லை. விளைவு, ஒப்பந்தத்தின் பலன் சாதாரண ஈரானியரின் கைக்கு முழுதாக வந்து சேரவில்லை. பேச்சால் என்ன கிடைத்தது என்று கேட்ட கடும்போக்காளர்களுக்கு அது வசதியாகிவிட்டது. 2018 மே 8 அன்று அமெரிக்கா ஒப்பந்தத்தை விட்டே வெளியேறியது. 2021 ஏப்ரலில் ஈரான் 60 சதவீதச் செறிவூட்டலைத் தொடங்கியது. 2025 ஜூனில் குண்டுகள் விழுந்தன; அதே செப்டம்பரில் ஐ.நா. தடைகளும் திரும்பின.

லிபியாவில் வேறு மாதிரி நடந்தது. 1988 டிசம்பரில் ஸ்காட்லாந்தின் லாக்கர்பி ஊருக்கு மேலே நடந்த விமானக் குண்டுவெடிப்பில் 270 பேர் இறந்தார்கள். லிபியர்களான சந்தேக நபர்கள் இருவரை ஒப்படைக்க வேண்டும் என்பது கோரிக்கை, 1992இல் ஐ.நா. தடை வந்தது. கோரிக்கை தெளிவாக இருந்தும் ஏழு ஆண்டு இழுத்தது. நெல்சன் மண்டேலா, கோஃபி அன்னான் போன்றோர் நடுவில் நின்று பேசி, ஸ்காட்லாந்து நீதிபதிகளே நெதர்லாந்தில் அமர்ந்து விசாரிப்பது என்று வழி கண்டார்கள். 1999 ஏப்ரலில் இருவரும் ஒப்படைக்கப்பட்டார்கள், ஐ.நா. தடை உடனே நிறுத்திவைக்கப்பட்டது. கேட்டது கிடைத்தது, சொன்னபடி தளர்த்தினார்கள். 2003இல் லிபியத் தலைவர் கடாஃபி பேரழிவு ஆயுதத் திட்டங்களைக் கைவிட்டதற்கு அந்த நம்பிக்கையும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன். (2011இல் அவர் ஆட்சி கவிழ்ந்து கொல்லப்பட்டதை வடகொரியா இன்றும் சுட்டிக்காட்டுகிறது என்பது வேறு கதை.)

அதனால் இனி தடைச் செய்தி படிக்கும்போது, எவ்வளவு கடுமையானது என்பதோடு நின்றுவிடாதீர்கள். எதைச் செய்தால் தடை விலகும் என்று எழுதியிருக்கிறதா? செய்தார்களா இல்லையா என்று யார் தீர்மானிப்பார்கள்? பேச ஒரு கதவு திறந்திருக்கிறதா? ஈரானில் அமெரிக்காவின் நலன்களை 1980 முதல் சுவிட்சர்லாந்துதான் கவனித்து வருகிறது. எவ்வளவு பகை முற்றினாலும் அந்த ஒரு வாசலை இருவரும் முழுதாக அடைக்கவில்லை.

வணிகத்தில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. வங்கி கூடுதல் விவரம் கேட்டால் கோபப்படாமல் முழுதாகக் கொடுங்கள். மூன்றாம் நாட்டின் வழியாக ஆவணத்தை மாற்றி அனுப்பித் தருகிறேன் என்று சொல்லும் இடைத்தரகரை நம்பாதீர்கள். மருந்தாகவே இருந்தாலும் பொய் ஆவணம் குற்றம்தான்.

தூதர்களிடமும் ஒன்று கேட்க வேண்டும். 2020 ஜனவரியில் சுவிட்சர்லாந்து வழியாக ஈரானுக்குப் புற்றுநோய், உறுப்பு மாற்று சிகிச்சை மருந்துகள் போயின; மதிப்பு 23 லட்சம் யூரோ. ஒரு நாட்டின் தேவைக்கு அது மிகச் சிறிய தொகை. ஆனாலும் பணம் நகர்ந்தது, ஏனென்றால் பங்கேற்ற வங்கிக்கு அமெரிக்கக் கருவூலத் துறையின் உறுதி கிடைத்திருந்தது. அப்படி ஓர் உறுதிக் கடிதம் தடை அறிவிக்கும் நாளிலேயே, எந்த வங்கி வழியாக மருந்துப் பணம் போகும் என்ற பெயரோடு, கூடவே வெளியாக வேண்டும். தடையைத் தளர்த்தும் ஒப்பந்தம் எழுதும் அறையிலும் வங்கித் தரப்பில் ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டும்.