சொட்டுநீர்க் குழாயும் கட்டுவிரியனும்

எங்கள் தோட்டம் கோபி பக்கம். மும்முனைக் கரண்டு நடுராத்திரி வந்துகொண்டிருந்த சமயம், டார்ச்சோடு மோட்டார் போடப் போனேன். வரப்பில் ஒரு முழம் முன்னால் கருப்பாக ஏதோ வளைந்து கிடக்க, கட்டுவிரியன் என்று பின்னால் தாவிவிட்டேன். பார்த்தால் சொட்டுநீர்க் குழாய். சரி, தெரிந்துபோச்சே, அத்தோடு விட வேண்டியதுதானே? அதற்கப்புறமும் வெகுநேரம், வாழைச்சருகு அசைந்தால்கூடக் காது அங்கே போய் நின்றது.

தாவியது வேகமான வேலை. ஒரு நரம்பு செல் குளூட்டமேட் என்கிற தூது ரசாயனத்தை விடும், அடுத்த செல்லில் வாசல் திறக்கும், சில மில்லி செகண்டில் முடிந்துவிடும். சருகுக்குக் காதைத் தீட்டியது நியூரோமாடுலேட்டர், அதாவது நரம்பு செல்கள் வேலை செய்கிற விதத்தையே கொஞ்ச நேரத்துக்கு மாற்றிவைக்கிற ரசாயனம்.

மூளைத்தண்டில் லோகஸ் செருலியஸ் என்று ஒரு பொட்டு இடம் இருக்கிறது. மூளையில் உள்ள சுமார் 8,600 கோடி நரம்பு செல்களில் இங்கே இருப்பவை சில பத்தாயிரம்தான், ஆனால் அவற்றின் இழைகள் கிட்டத்தட்ட மூளை முழுக்கப் போய் நார் அட்ரினலின் என்கிற நியூரோமாடுலேட்டரைக் கசியவிடும். மடை திறந்து ஒரு பாத்திக்குப் பாய்ச்சுவது குளூட்டமேட் என்றால், இது காடு முழுக்கத் தூறல் போடுவது.

நரம்பு செல் நாலைந்து முறை மின்சாரமாகத் துடித்தால் உள்ளே கால்சியம் ஏறும், அதனால் பொட்டாசியம் வாசல்கள் திறந்து தானாகவே பிரேக் விழும். நார் அட்ரினலின் பீட்டா ஏற்பியில் (ரசாயனம் வந்து ஒட்டுகிற இடம்) உட்கார்ந்தால் செல்லுக்குள் சைக்ளிக் ஏஎம்பி என்கிற சேதி சொல்லும் மூலக்கூறு கூடி, ஒரு நொதி கிளம்பி, அந்த பிரேக்கைத் தளர்த்திவிடும். சருகுச் சத்தம் அதேதான், செல் மட்டும் ஓயாமல் துடிக்கிறது.

செல்லுக்கும் செல்லுக்கும் நடுவிலுள்ள இணைப்பிலும் நியூரோமாடுலேட்டர் கை வைக்கும். எரிக் காண்டல் என்கிற மூளை விஞ்ஞானி கடல் முயல் என்கிற நத்தை இனத்தில் இதைப் பார்த்தார் (2000இல் நோபல் கிடைத்தது). வாலில் ஷாக் கொடுத்தால் செரோடோனின் என்கிற இன்னொரு நியூரோமாடுலேட்டர் சுரக்கும், பொட்டாசியம் வாசல்கள் மூடும், ஒவ்வொரு துடிப்பும் கொஞ்சம் நீளும், கால்சியம் கூடுதலாக நுழையும், அடுத்த செல்லுக்குப் போகிற சரக்கும் கூடும்.

வாட்ஸ்அப்பில் டோபமைன் என்றாலே சந்தோஷம் என்கிறார்களே, எனக்கு அதில் ஒப்புதல் இல்லை. டோபமைனும் நியூரோமாடுலேட்டர்தான், அதன் டி1 ஏற்பி சைக்ளிக் ஏஎம்பியைக் கூட்டும், டி2 குறைக்கும். அதே டோபமைன்தான், விழுகிற இடத்தைப் பொறுத்து வேலை மாறுகிறது.

பயந்த நேரத்தில் சுரக்கிற நார் அட்ரினலின், பயத்தைக் கவனிக்கிற அமிக்டலா என்ற மூளைப் பகுதியில் நினைவையும் ஆழமாகப் பதித்துவிடும். அந்தக் குழாயைச் சுருட்டி மோட்டார் ரூமில் போட்டாகிவிட்டது, ஆனாலும் அந்த வரப்பு முக்கில் என் கால் ஒரு எட்டு தள்ளித்தான் விழுகிறது.