"மெட்டல் பாடி" மடிக்கணினி: எந்த உலோகம், எந்த முறை, எந்த ஊர்?

பழுதுபார்க்கும் மேசைக்கு வரும் மடிக்கணினிகளில் மூடியைத் தாங்கும் கீலான ஹிஞ்ச் பெயர்ந்து, மூலை பிளந்து நிற்பவை மிக அதிகம். கொண்டுவருபவர்களில் பலர், "மெட்டல் பாடின்னு சொல்லித்தானே சார் கொடுத்தாங்க, எப்படி உடையும்?" என்று கேட்கிறார்கள். விற்றவர் சொன்னது பொய்யில்லை. ஆனால் எந்தப் பாகம் உலோகம், அது தகடாக அழுத்தப்பட்டதா, அச்சில் வார்க்கப்பட்டதா, கட்டியிலிருந்து குடைந்து எடுக்கப்பட்டதா என்பதையெல்லாம் அந்த இரண்டு சொற்கள் சொல்வதில்லை. எது உடையும், உடைந்ததைச் சரிசெய்ய முடியுமா என்பதோ அதைப் பொறுத்துத்தான் இருக்கிறது.

தொழிலில் நாங்கள் வெளிக்கூட்டை நான்கு பேனல்களாகப் பிரித்துப் பேசுவோம்: மூடியின் வெளிப்புறம் ஏ, திரையைச் சுற்றிய சட்டம் பி, விசைப்பலகையும் கை வைக்கும் இடமும் சேர்ந்தது சி, அடிப்பாகம் டி. விலை குறைந்த மாடல்களில் பெரும்பாலும் ஏ பேனல் மட்டுமே உலோகமாக இருக்கும். அதுவும் மெல்லிய அலுமினியத் தகட்டைப் பிரஸ்ஸில் அழுத்தி வளைத்தது. அவ்வளவு மெல்லிய தகட்டில் திருகுக்கு மரை போட முடியாது என்பதால், அதன் உட்புறத்தில் பிளாஸ்டிக் சட்டம் ஒன்றை ஒட்டி, அதில் உள்மரை கொண்ட சிறு பித்தளைக் குழல்களான இன்சர்ட்டுகளைச் சூடாக்கிப் பதித்து, ஹிஞ்சை அவற்றில் முடுக்கிவிடுகிறார்கள். நாளடைவில் ஹிஞ்சின் கிரீஸ் வறண்டு இறுக்கம் கூடுகிறது. மூடியின் ஒரு மூலையை மட்டும் பிடித்துத் திறக்கும் பழக்கம் இருந்தால், முறுக்குவிசை அந்தப் பக்கத்து இரண்டு மூன்று இன்சர்ட்டுகளின் மேலேயே விழுகிறது. முதலில் மயிரிழை விரிசல், பிறகு ஒருநாள் "டப்" என்ற சத்தம். திறந்து பார்த்தால் அலுமினியத்துக்கு ஒன்றும் ஆகியிருக்காது. அதன் முதுகில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக்தான் பித்தளையோடு சேர்ந்து பிய்ந்து கிடக்கும்.

இந்த ஒட்டுவேலைக்கு மாற்றாக ஜப்பானின் தைசெய் பிளாஸ் நிறுவனம் உருவாக்கியது நானோ மோல்டிங் என்ற முறை. அலுமினியத்தை வேதிக் கரைசலில் முக்கி, அதன் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத நுண்குழிகளை உண்டாக்கி, உருகிய பிளாஸ்டிக்கை அந்தக் குழிகளுக்குள் அழுத்தி உறையவிடுகிறார்கள். பசையே இல்லாமல் இரண்டும் ஒன்றையொன்று கவ்விக்கொள்கின்றன.

முழு உலோகம் என்று உண்மையாகவே சொல்லத்தக்கது, கட்டியிலிருந்து குடைந்தெடுக்கும் யூனிபாடி முறை. 2008 அக்டோபரில் ஆப்பிள் தன் மேக்புக்குகளில் இதைக் கொண்டுவந்தது. தடித்த அலுமினியப் பலகையை, கணினிக் கட்டளைப்படி வெட்டும் சிஎன்சி இயந்திரம் பல கட்டங்களாகக் கடைந்து, திருகு மரைகளையும் உள்விளிம்புகளையும் ஒரே துண்டில் உருவாக்குகிறது. பலகையின் பெரும்பகுதி சீவலாகவே போய்விடும். அந்தச் சீவலைத் திரும்ப உருக்கிப் பயன்படுத்துவதை 2018 மேக்புக் ஏரிலிருந்து ஆப்பிள் ஒரு பெருமையாகவே சொல்லிவருகிறது. பிளாஸ்டிக் பேனல் ஒன்று, உருகிய பிளாஸ்டிக்கை அச்சுக்குள் அழுத்தும் ஊசிவார்ப்பில் ஒரு நிமிடத்துக்குள் வெளியே வந்துவிடும் என்றால், இப்படிக் கடைவதற்கு ஒவ்வொரு துண்டுக்கும் இயந்திர நேரம் பல மடங்கு தேவை. ஆயிரக்கணக்கான சிஎன்சி இயந்திரங்களை வரிசையாக நிறுத்த முடிந்தவர்களால் மட்டுமே இந்தத் தொழிலைச் செய்ய முடிகிறது. தைவானின் தைனானைத் தலைமையிடமாகக் கொண்ட கேட்சர் டெக்னாலஜி அவர்களில் ஒன்று. சீனாவின் ஜியாங்சு மாகாணத்தில் சுசியன் நகரிலும் அதற்கு ஆலை உண்டு. பிளாஸ்டிக் கூடுகளில் பெயர்பெற்ற ஜூ டெங் நிறுவனமும் தைவானியருடையதுதான். அதன் ஆலைகளும் பெரும்பாலும் சீனாவில்தான் இருக்கின்றன.

மக்னீசியத்தைப் பற்றி மட்டும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதைத்தான் வாடிக்கையாளர்கள் அதிகம் தவறாக எடைபோடுகிறார்கள். ஒரு கன சென்டிமீட்டர் அலுமினியம் 2.7 கிராம், மக்னீசியம் ஏறத்தாழ 1.74 கிராம்தான். இதை உருக்கி அச்சில் வார்ப்பது பழைய முறை. அமெரிக்காவின் டவ் கெமிக்கலில் வளர்ந்து, ஜப்பான் ஸ்டீல் ஒர்க்ஸின் இயந்திரங்களால் பரவிய திக்ஸோமோல்டிங்கில், மக்னீசியத் துருவல்களை ஆர்கான் வாயுவின் பாதுகாப்பில் சூடாக்கி, பாதி உருகிய கூழாகவே திருகு உந்தியின் மூலம் அச்சுக்குள் செலுத்துகிறார்கள். அதனால் மிக மெல்லிய சுவர்களும் உள்விலாக்களும் ஒரே வார்ப்பில் கிடைக்கின்றன. 1997இல் வந்த சோனி வையோ 505 மக்னீசியக் கூட்டுக்குப் பெயர்பெற்றது. பானசோனிக் நிறுவனம் கோபே நகர ஆலையில் தயாரிக்கும் லெட்ஸ்நோட் மடிக்கணினிகளின் மூடியில் காணும் மேடுபள்ளங்கள், மெல்லிய மக்னீசியத்துக்கு விறைப்பு கொடுப்பதற்காக வந்தவை. மக்னீசியம் எளிதில் அரித்துப்போகும் என்பதால் அதன்மேல் வேதிப் பூச்சும் பெயின்ட்டும் கட்டாயம். விரலால் தட்டிப் பார்ப்பவருக்கு அது பிளாஸ்டிக் போலத்தான் தோன்றும். "கனமே இல்லை, ஏமாத்திட்டாங்க" என்று என்னிடம் குறைப்பட்டவர்கள் கையில் இருந்தது பல நேரம் நல்ல மக்னீசியக் கூடு. பழுதுபார்க்கும் நண்பர்கள் கவனிக்க: இதைத் துளையிட்டால் வரும் துகள் தீப்பற்றக்கூடியது, அந்தத் தீயில் தண்ணீர் ஊற்றவே கூடாது, உலர்ந்த மணல் பக்கத்தில் இருக்கட்டும்.

கார்பன் இழை 2012இன் திங்க்பேட் எக்ஸ்1 கார்பன் மூலம் பலருக்கு அறிமுகமானது. அது மின்சாரத்தைக் கடத்துவதால், உலோகத்தைப் போலவே வைஃபை அலைகளை மறைக்கும். ஆன்டெனா இருக்கும் இடத்தில் பிளாஸ்டிக்கோ கண்ணாடி இழையோ வைத்தாக வேண்டும். அண்மைய வரவு, 2024 முதல் அசூஸ் தன் சென்புக் மாடல்களில் காட்டிவரும் செராலுமினியம். உலோகத்தை மின்கரைசலில் மூழ்கவைத்து, உயர் மின்னழுத்தத்தில் அதன் மேற்பரப்பையே பீங்கான் போன்ற ஆக்சைடு அடுக்காக மாற்றும் முறை இது. கீறலைத் தாங்கும் திறன் கூடும் என்பது உண்மை. ஆனால் ஹிஞ்சின் பிடிமானத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை.

நம் ஊருக்கு வருவோம். ஸ்ரீபெரும்புதூரில் டெல்லும், புதுச்சேரியில் லெனோவோவும் கணினிகளின் பாகங்களைப் பொருத்திப் பூட்டி முடிக்கின்றன. டாடா எலக்ட்ரானிக்ஸ் ஓசூர் அருகே உலோகக் கூடுகள் கடைகிறது, ஆனால் அவை ஐபோனுக்கானவை. மடிக்கணினிக் கூடுகள் பெரும்பாலும் இன்னும் சீனாவிலிருந்தே வருகின்றன. பெட்டியில் இருக்கும் "மேட் இன் இந்தியா" எழுத்து, கணினி எங்கே பூட்டப்பட்டது என்பதைச் சொல்கிறது. கூட்டின் தரத்தை அதிலிருந்து கணிக்காதீர்கள்.

உலோகக் கூட்டில் கை வைத்தால் லேசாகச் சுர்ரென்று இழுப்பதாகப் பலர் பயந்து வருகிறார்கள். எர்த் இல்லாத இரண்டு முள் சார்ஜரில், இரைச்சலை அடக்க உள்ளே வைத்த மின்தேக்கி வழியாகக் கசியும் நுண்ணிய மின்னோட்டம்தான் பெரும்பாலும் அதற்குக் காரணம். கம்பெனி சார்ஜரில் இது பொதுவாக ஆபத்தில்லாத அளவுதான். விலை குறைந்த போலி சார்ஜரில் அப்படி உறுதி சொல்ல முடியாது. மூன்று முள் கேபிள் பொருந்தும் சார்ஜராக இருந்தால் அதை எர்த் உள்ள பிளக்கில் செருகுங்கள்.

வாங்கும் முன், அந்த மாடலின் சர்வீஸ் கையேடு இணையத்தில் கிடைக்கிறதா என்று பாருங்கள். டி பேனலைக் கழற்றிய படத்தில் ஹிஞ்சின் திருகுகள் உலோகத்தில் இறங்குகின்றனவா, பிளாஸ்டிக்கில் இறங்குகின்றனவா என்பது தெரிந்துவிடும். ஏற்கெனவே வாங்கியவர்கள், மூடி முன்பைவிட இறுகினால் உடையும்வரை காத்திருக்க வேண்டாம். அந்த நிலையிலேயே ஹிஞ்சின் நட்டைச் சற்றுத் தளர்த்தினால் உள்ளிருக்கும் பிளாஸ்டிக் சட்டம் தப்பிவிடும். உடைந்தபின் சென்னையின் மின்னணுச் சந்தையான ரிச்சி ஸ்ட்ரீட்டில் பேனல் வாங்குவதானால், பித்தளை இன்சர்ட்டில் ஒரு திருகை முடுக்கி, விரலால் இழுத்துப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள். கம்பெனி தயாரிப்பல்லாத, தரமற்ற "கம்பேட்டிபிள்" பேனல்களில் அது கடையிலேயே கையோடு வந்துவிடும்.