ஊசியில்லாத குத்தூசி

பினாங்கின் லிட்டில் இந்தியாப் பகுதியில் மருந்துக்கடைக்குள் நுழைந்தாலும் மின்பொருள் கடைக்குள் நுழைந்தாலும் இப்போது ஒரு சிறு பெட்டி கண்ணில் படுகிறது. உள்ளே கையடக்கமான கருவி, அதிலிருந்து நீளும் இரண்டு கம்பிகள், கம்பிகளின் முனையில் தோலில் ஒட்டிக்கொள்ளும் வில்லைகள். முதுகுவலிக்கும் முழங்கால் வலிக்கும் வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லி விற்கிறார்கள். பெட்டியின்மேல் மலாயில் ‘அக்குபுங்துர் தன்பா ஜாரும்’ என்றும், அதன் கீழே தமிழில் ‘ஊசியில்லாக் குத்தூசி மருத்துவக் கருவி’ என்றும் அச்சிட்டிருக்கிறது. இந்தத் தொடரைத் துண்டறிக்கையில் படித்தும் கடைவாசல் ஒலிபெருக்கியில் கேட்டும் பொறுக்க முடியாமல்தான் இதை எழுதுகிறேன். ஊசி இல்லை என்று தொடங்கி, அடுத்த சொல்லிலேயே ஊசியைக் கொண்டுவந்து நிறுத்தும் தொடருக்கு என்ன பொருள் கொள்வது?

உடம்பின் குறிப்பிட்ட புள்ளிகளில் மெல்லிய ஊசிகளைக் குத்தும் சீன மருத்துவமுறையான அக்குபங்சரைத்தான் தமிழில் குத்தூசி மருத்துவம் என்கிறோம். அக்குபங்சர் என்பது இலத்தீன் வழி வந்த பெயர். ‘அக்குஸ்’ என்றால் ஊசி, ‘புங்தூரா’ என்றால் குத்துதல். நாகசாகியில் டச்சு வணிகக் குழுமத்தின் மருத்துவராக இருந்த வில்லெம் டென் ரைனே, ஜப்பானில் தாம் கண்ட சிகிச்சையை 1683இல் லண்டனில் வெளியான தம் இலத்தீன் நூலில் இப்பெயரால் விளக்கினார். அவர் 1700இல் மறைந்தது நமக்கு அண்டையிலுள்ள பத்தாவியாவில், அதாவது இன்றைய ஜகார்த்தாவில். சீனர்கள் அதனை ‘ஜென்ஜியு’ என்பார்கள். ‘ஜென்’ ஊசியைக் குறிக்கும். ‘ஜியு’ என்பது மாசிபத்திரி இனத்து இலையை உலர்த்திக் கொளுத்தி உடம்பின் புள்ளிகளில் சூடு காட்டுவது. ஐரோப்பியப் பெயர் சூட்டை விட்டுவிட்டு ஊசியை மட்டும் எடுத்துக்கொண்டது.

தமிழில் இதற்கு வழங்கும் ‘குத்தூசி மருத்துவம்’ என்பதைச் சிலர் குறை சொல்வதுண்டு. அக்குறையில் நியாயமும் இருக்கிறது. குத்தூசி என்பது நம்மிடம் முன்பே இருந்த சொல். கூரை வேய்பவரும் சாக்குப்பை தைப்பவரும் கையாளும் பெரிய ஊசிக்கு அதுவே பெயர். தோட்டத்தில் வளர்ந்த முதியவர் ஒருவரிடம் ‘குத்தூசி மருத்துவம் செய்துகொள்ளுங்கள்’ என்றால் அவர் மனத்தில் எழுவது சாக்கு தைக்கும் ஊசியாகத்தான் இருக்கும்; மருத்துவரின் கையில் இருப்பதோ கால் மில்லிமீட்டர் அளவே தடிமன் உள்ள இழை. ஆனாலும் இந்தப் பெயரை நான் ஏற்றுக்கொள்கிறேன். ‘ஊசி மருத்துவம்’ என்று சொல்லிப் பார்த்தால் காரணம் விளங்கும். நம் பேச்சில் ஊசி போடுவது என்றால் மருந்தை உள்ளே செலுத்துவது. அக்குபங்சரில் மருந்து ஏதும் உள்ளே போவதில்லை. குத்தி, சிறிது நேரம் வைத்திருந்து, எடுத்துவிடுகிறார்கள். ‘போடு’ என்பதற்கும் ‘குத்து’ என்பதற்கும் உள்ள இந்த வேறுபாட்டை, குத்து என்னும் வினையைத் தன்னுள் வைத்திருக்கும் அந்த வினைத்தொகை ஒன்றுதான் காப்பாற்றுகிறது.

குத்துதல் என்னும் அந்த வினையே இல்லாத இடத்தில் அச்சொல்லை ஒட்டவைப்பதைத்தான் நான் எதிர்க்கிறேன். ஆங்கிலத்தில் விரலால் அழுத்துவதற்கு அக்குபிரஷர் என்றும், ஒளிக்கதிர் பாய்ச்சுவதற்கு லேசர் அக்குபங்சர் என்றும் சொல்கிறார்களே, அவர்களுக்கு உறுத்தாதது நமக்கு மட்டும் ஏன் உறுத்த வேண்டும் என்று மொழிபெயர்ப்பாளர் ஒருவர் என்னிடம் வாதிட்டார். உறுத்தத்தான் வேண்டும். ஆங்கிலம் பேசுபவரின் காதில் ‘அக்கு’ என்பது ஊசியாக ஒலிப்பதில்லை. அது பழைய இலத்தீன் துண்டு, பொருள் மங்கிப் போனது, அதனால் எதனோடும் சேரும். தமிழ்ச் சொல்லோ அப்படி மங்கவில்லை. குத்தும் கேட்கிறது, ஊசியும் கேட்கிறது. ஆறு வயதுப் பிள்ளைக்கும் கேட்கிறது. வெளிப்படையான தமிழ்ச் சொல்லைப் பொருள் மங்கிய இலத்தீன் சொல்லைப்போல் நினைத்த இடமெல்லாம் ஒட்டினால், அந்தச் சொல்லில் உள்ள முரண்பாடு முழுவதும் வாசகர் தலையில் வந்து விழும். இதற்கு அஞ்சித்தானோ என்னவோ, ‘ஊசியில்லா அக்கு சிகிச்சை’ என்று எழுதுவோரும் இருக்கிறார்கள். அக்கு என்பதே ஊசிதான் என்பதை அவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை. தமிழிலோ அக்கு என்றால் எலும்பு என்றும் சிவனடியார் அணியும் மணி என்றும் பொருள் உண்டு. தேவாரம் ஓதும் ஒருவர் இந்த விளம்பரத்தைப் படித்தால் என்ன நினைப்பார்?

இது வெறும் சொற்பூசல் அன்று. என் சின்னம்மா பட்டர்வொர்த்தில் இருக்கிறார். இரத்தம் உறையாமலிருக்க மருந்து உட்கொள்பவர். சென்ற ஆண்டு ஒரு மருத்துவமனைக்கு அவரை அழைத்துச் சென்றபோது, வேறு ஏதேனும் சிகிச்சை செய்துகொள்கிறீர்களா என்று மருத்துவர் கேட்டார். ‘வீட்டிலேயே குத்தூசி வைத்தியம் செய்துக்கிறேன்’ என்றார் சின்னம்மா, பெட்டியில் அச்சிட்டிருந்தபடியே. அதை மலாயில் எடுத்துச் சொன்னவன் நான். மருத்துவர் பதறிப்போனார். யார் ஊசி குத்துகிறார்கள், புதிய ஊசியா, குத்திய இடத்தில் இரத்தம் நிற்கிறதா என்று கேள்விமேல் கேள்வி கேட்டார். கைப்பேசியில் இருந்த கருவியின் படத்தைக் காட்டிய பிறகே அவருக்குச் செய்தி விளங்கியது. உடனே அவர் கேட்டது முற்றிலும் வேறு கேள்வி: நெஞ்சில் பேஸ்மேக்கர் என்னும் இதயமுடுக்கி வைத்திருக்கிறார்களா? நல்லவேளையாகச் சின்னம்மாவுக்கு இல்லை. முதலில் கேட்டிருக்க வேண்டிய அந்தக் கேள்வி கடைசியில் வந்ததற்குக் காரணம் பெட்டியின்மேல் இருந்த பெயர்தான்.

அந்தக் கருவி செய்யும் வேலையைச் சொன்னால் பெயர் தானே கிடைத்துவிடும். அது வில்லைகளின் வழியே சிறு மின்துடிப்புகளைத் தோலுக்குள் அனுப்பி, அங்குள்ள நரம்புகளைத் தூண்டுகிறது. 1965இல் ரொனால்ட் மெல்சாக், பேட்ரிக் வால் இருவரும் வெளியிட்ட ‘வாயில் கட்டுப்பாட்டுக் கோட்பாடு’, தொடுதல் போன்ற உணர்வுகளைக் கொண்டுசெல்லும் நரம்புகள் தூண்டப்படும்போது, தண்டுவடத்தில் வலிச் செய்தி செல்லும் வாயில் ஓரளவு அடைபடுகிறது என்றது. இவ்வகைக் கருவிகள் பெருகியது அந்தக் கருத்தை ஒட்டித்தான். சீன மருத்துவம் சொல்லும் உயிராற்றல் ஓட்டங்களிலிருந்து பிறந்ததன்று இது. ஆகவே இதனைத் ‘தோல்வழி நரம்புத்தூண்டி’ என்பதே சரி. நீளம் என்று கருதுவோர் ‘நரம்புத்தூண்டி’ என்றே நிறுத்திக்கொள்ளலாம். சின்னம்மா இப்போது அதை ‘ஒட்டுற மிஷின்’ என்கிறார். அச்சிட்ட பெயரைவிட அதுவும் மேல்.

‘மின் குத்தூசி’ என்று சுருக்கிவிடலாமே என்போருக்கு ஒன்று சொல்ல வேண்டும். அந்தப் பெயருக்கு உரிய பொருள் வேறொன்று இருக்கிறது. குத்திய ஊசிகளில் கவ்விகளை மாட்டி, அவற்றின் வழியே மின்சாரம் செலுத்தும் முறையை அக்குபங்சர் மருத்துவர்கள் கையாளுகிறார்கள். மின்சாரமும் உண்டு, குத்தும் ஊசியும் உண்டு. மின் குத்தூசி என்ற பெயர் அதற்கே பொருந்தும். அதைப் பிடுங்கி வில்லைக்குக் கொடுத்துவிட்டால், நாளை அந்தச் சிகிச்சைக்கு எந்தப் பெயரைத் தேடுவது?

நம் நாட்டில் இது விளையாட்டான செய்தி அன்று. 2007இல் பினாங்கு கெப்பாலா பத்தாஸ் மருத்துவமனையில் பாரம்பரிய மருத்துவப் பிரிவு தொடங்கியதிலிருந்து அரசு மருத்துவமனைகளிலேயே அக்குபங்சர் கிடைக்கிறது. முறையான குத்தூசி மருத்துவத்தையும் வீட்டுக் கருவியையும் பெயரளவிலேனும் பிரித்தறிய மக்களுக்கு உரிமை உண்டு. மொழிபெயர்ப்பவர் மலாய் வரியை மட்டும் பார்க்கிறார்; பெட்டியைத் திறந்து, உள்ளே ஊசி இருக்கிறதா, வில்லை இருக்கிறதா என்று பார்ப்பதில்லை. எனக்கு மிகவும் வேதனை தந்தது இன்னொன்று. நான் வாங்கிப் பார்த்த பெட்டியில் விற்பனைத் தொடருக்கு மட்டுமே தமிழ் இருந்தது. இதயமுடுக்கி உள்ளவர்கள், கருவுற்றவர்கள், வலிப்பு நோயாளிகள் ஆகியோருக்கான எச்சரிக்கைகள் மலாயிலும் ஆங்கிலத்திலும் மட்டுமே இருந்தன. தமிழ் தெரிந்த ஒருவரை அமர்த்தியவர்கள் அந்த நான்கு வரிகளையும் அவரிடம் கொடுத்திருக்கலாம்.

விரலால் அழுத்தும் முறைக்குப் ‘புள்ளியழுத்தம்’ என்பது போதும். ‘தொடுசிகிச்சை’ என்றால் தொட்டவுடன் குணமாகும் என்ற எண்ணத்தைத் தரும் என்பதால் அதை நான் விலக்குகிறேன். ஒளிக்கதிரால் செய்வதை ‘ஒளிக்கதிர்ப் புள்ளித்தூண்டல்’ எனலாம். பேனா வடிவில் வரும் மின்கருவியைப் ‘புள்ளித்தூண்டி’ என்று அழைக்கலாம். அது புள்ளியைத் தேடிப்பிடித்துத் தொடுகிறது, ஆனால் எங்கும் குத்துவதில்லை.