வெட்டாமலே ஒட்டுக்கேட்கலாம்

"செம்புக் கம்பின்னா சரி, ஃபைபரை எப்படி சார் ஒட்டுக்கேட்க முடியும்? வெட்டினா லிங்க் போயிடும், உடனே தெரிஞ்சிடுமே." இரண்டு கட்டடங்களுக்கு நடுவே வாடகைக்கு ஃபைபர் எடுத்திருந்த ஓர் அலுவலகத்தின் ஐடி பொறுப்பாளர் இப்படிச் சொன்னார். நான் பையிலிருந்து ஃபைபர் ஐடென்டிஃபையரை எடுத்தேன்.

கேபிள்களை இணைக்கும் ஜாயின்ட் பாக்ஸில் 24, 48 இழைகள் சுருண்டு கிடக்கும். எதில் டிராஃபிக் ஓடுகிறது என்று தெரியாமல் கை வைத்துவிடக் கூடாது என்பதற்காக நாங்கள் வைத்திருக்கும் கருவி இது. இழையைக் கருவியின் வாயில் கொடுத்து அழுத்தினால் லேசாக வளைத்துப் பிடித்துக்கொள்ளும். வெளிச்சம் எந்தப் பக்கம் போகிறது என்று அம்புக்குறி காட்டும். அவருடைய இழையில் வைத்தேன். அம்புக்குறி எரிந்தது. மாடியில் நெட் ஓடிக்கொண்டேதான் இருந்தது.

"அப்போ இதுக்கு எப்படித் தெரியுது?"

அதுதான் விஷயம். முடியளவு தடிமனுள்ள 125 மைக்ரான் கண்ணாடிக்குள் சுமார் 9 மைக்ரான் நடுப்பகுதியில் ஒளி போகிறது. பிளஸ் டூவில் படித்த முழு அக எதிரொளிப்புதான் அதை உள்ளேயே வைத்திருக்கிறது. இழையை இறுக்கி வளைத்தால் கொஞ்சம் ஒளி அந்தக் கட்டுப்பாட்டை மீறி வெளியே கசியும். என் கருவி பார்ப்பது அந்தக் கசிவைத்தான். ஒளி இருக்கிறதா இல்லையா என்பதோடு அது நின்றுவிடும். அதே கசிவை நல்ல ரிசீவரில் கொடுப்பவனுக்கு உள்ளே ஓடும் டேட்டாவே கிடைத்துவிடும்.

அலாரம் அடிக்காதா என்றால், அடிக்காமல் போகத்தான் வாய்ப்பு அதிகம். 1 சதவீத ஒளி வெளியே போனால் இழப்பு 0.04 டெசிபல், இரண்டு இழைகளை உருக்கி ஒட்டும் ஒரு நல்ல ஸ்ப்ளைஸிலேயே அவ்வளவு போகும். 10 சதவீதம் போனாலும் அரை டெசிபலைத் தாண்டாது. பெரும்பாலான லிங்குகளில் பல டெசிபல் உபரி வைத்துத்தான் டிசைன் செய்திருப்பார்கள். வீடுகளுக்குள் போடும் ஜி.657 இழை வளைவைத் தாங்கும், கசிவும் குறைவு. அதற்காகக் கசியவே கசியாது என்றில்லை.

கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. லைன் போட்ட அன்றைக்கு எடுத்த ஓடிடிஆர் பதிவைப் பத்திரமாக வையுங்கள். இழைக்குள் ஒளித்துடிப்பை அனுப்பி, எத்தனையாவது மீட்டரில் எவ்வளவு இழப்பு என்று காட்டும் கருவி அது. சந்தேகம் வரும்போது 1310, 1550 நானோமீட்டர் ஒளி அலைநீளம் இரண்டிலும் மறுபடி எடுத்து ஒப்பிட வேண்டும். இழப்பு 1550-இல் மட்டும் தூக்கலாக இருந்தால் அங்கே வளைவு. ஸ்ப்ளைஸ் கோளாறு என்றால் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றாக வரும். ஒரு முறை இப்படிப் பதறிப்போய் பாக்ஸைத் திறந்தோம். எங்கள் ஆளே கேபிள் டையை இறுக்கிக் கட்டியிருந்தார்! பெரும்பாலும் கதை இப்படித்தான் முடியும். ஆனாலும் திறந்து பார்க்காமல் விடக் கூடாது.

பெரிய கைகள் தெருவில் இழையை வளைத்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். சான் ஃபிரான்சிஸ்கோவில் ஏடி அண்ட் டி தொலைபேசி நிறுவனத்தின் கட்டடத்தில், அமெரிக்க உளவு அமைப்பான என்எஸ்ஏவுக்காக இருந்த 641ஏ என்ற அறைக்கு, ஒளியைப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டர் வழியாக ஒளியின் ஒரு நகல் போனது 2006-இல் வெளியே வந்தது. சொன்னவர் அங்கே டெக்னீஷியனாக இருந்த மார்க் கிளைன். 2013-இல் என்எஸ்ஏவின் ரகசியங்களை ஸ்னோடன் வெளியிட்ட ஆவணங்கள் வந்தபின், தன் டேட்டா சென்டர்களுக்கு நடுவே ஓடும் டிராஃபிக்கை என்க்ரிப்ட் செய்யும், அதாவது சாவி இல்லாதவனுக்குப் புரியாதபடி மாற்றும், வேலையை கூகுள் வேகப்படுத்தியது.

நமக்கும் வழி அதுதான். ஸ்விட்சுகளுக்கு நடுவே மேக்செக், ரவுட்டர்களுக்கு நடுவே ஐபிசெக், இரண்டுமே என்க்ரிப்ட் செய்யும் முறைகள். கசிந்த ஒளியை எவன் பிடித்தாலும் அவனுக்குக் கிடைப்பது குப்பையாக இருக்க வேண்டும்.

அந்த அலுவலகத்து ஸ்விட்ச் இரண்டிலும் மேக்செக் வசதி இருந்தது. வாங்கிய நாளிலிருந்து யாரும் ஆன் செய்யவில்லை. தெருமுனையில் இருந்த அவர்களுடைய ஜாயின்ட் பாக்ஸையும் போய்ப் பார்த்தோம். பூட்டு மாட்டும் கொக்கியில் கட்டுக்கம்பியை முறுக்கி வைத்திருந்தார்கள்.