டென்டில் குறைத்த எடை யார் தலையில் ஏறுகிறது?

"அண்ணா, நீங்க கொடுத்த டென்ட் ஒழுகுது."

சென்னையில் டென்ட் வாடகைக்கு விட்டு, பழுதும் பார்க்கிறேன். ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் மலையிலிருந்து எனக்கு இந்த ஃபோன் அடிக்கடி வரும். டென்ட் திரும்பி வந்ததும் மொட்டைமாடியில் கட்டி, ஹோஸ் பிடித்து அரை மணி நேரம் தண்ணீர் அடிப்பேன். பெரும்பாலும் உள்ளே ஒரு சொட்டுகூட வராது. அவர்களை நனைத்தது அவர்களுடைய மூச்சுதான்.

தூங்கும் ஒருவர் மூச்சிலும் தோலிலுமாக ஓர் இரவில் ஏறத்தாழ ஒரு டம்ளர் தண்ணீரை ஆவியாக விடுகிறார். இரண்டு பேர் என்றால் இரண்டு டம்ளர். குளிர்ந்த துணியில் பட்டதும் அந்த ஆவி நீராகிவிடும். இரண்டு அடுக்கு டென்டில் அது வெளிக்கூரையின் உட்பக்கத்தோடு நின்றுவிடும், நடுவிலுள்ள வலை உங்களை அதில் உரச விடாது. எடையைக் குறைக்க அந்த உள்ளடுக்கை எடுத்துவிட்டால், காலையில் எழுந்து உட்காரும்போது உங்கள் தலையே துணியைத் துடைக்கும். காற்று உலுக்கினால் உள்ளேயே தூறல் போடும்.

இதை முதலில் சொல்லக் காரணம் இருக்கிறது. அல்ட்ராலைட், அதாவது மிகவும் எடை குறைந்த டென்ட் கேட்டு வருகிறவர்கள் கிராம் கணக்கோடுதான் வருகிறார்கள். அதில் தப்பில்லை. பத்து நாள் நடக்கிறவருக்கு முதுகில் ஒரு கிலோ குறைவது சின்ன விஷயமா? ஆனால் எடுத்துவிட்ட துணியும் கம்பும் செய்துகொண்டிருந்த வேலை அப்படியே இருக்கிறது. அதை இனி நீங்கள் செய்ய வேண்டும். எவ்வளவு செய்வீர்கள் என்று தெரிந்தால் எந்த டென்ட் என்பது தானாகத் தெரிந்துவிடும்.

ஹிமாசலப் பிரதேசத்தில் பார்வதி, பின் (Pin) என்ற இரண்டு பள்ளத்தாக்குகளை இணைக்கும் 'பின் பார்வதி' பாதையை எடுத்துக்கொள்வோம். கீர்கங்கா, துண்டா புஜ், டாக்கூர் குவான் என்று பார்வதி ஆற்றை ஒட்டியே ஏறி, மந்தலாய் ஏரியைத் தாண்டி, 5,319 மீட்டர் உயரக் கணவாயைக் கடந்து, ஸ்பிதியின் முத் கிராமத்தில் இறங்க வேண்டும். நூறு கிலோமீட்டரை ஒட்டிய நடை. கணவாய்க்கு இந்தப் பக்கம் மழையும் ஈரப்புல்லும். அந்தப் பக்கம் வறண்ட மண்ணும் தூசிக்காற்றும். ஓரடுக்கு டென்ட் அந்தப் பக்கத்துப் 'பின்' பள்ளத்தாக்கில் சுகமாக இருக்கும், பார்வதிப் பக்கம் அழவைக்கும். ஆற்றங்கரைப் பள்ளத்தில் கட்டாமல் கொஞ்சம் மேட்டில், முடிந்தால் மரத்தடியில் கட்டினால் பாதி ஈரம் குறையும். குளிர்ந்தாலும் கதவை மேல்பக்கம் ஒரு சாண் திறந்து வைக்க வேண்டும். இதெல்லாம் நான் செய்கிறேன் என்பவர் ஓரடுக்கு வாங்கலாம். நாள் முழுக்க நடந்த களைப்பில் கிடைத்த இடத்தில் கட்டிப் படுக்கிறவர் இன்னொரு அரைக் கிலோவைச் சுமந்துவிடுவது மேல்.

அப்புறம் கம்பு. எடையை வெகுவாகக் குறைக்கும் டென்டுகளுக்குச் சொந்தக் கம்பு கிடையாது, நடக்கும்போது ஊன்றிக்கொள்ளும் ட்ரெக்கிங் போல்தான் (ஊன்றுகோல்) தூண். டைனீமா என்ற மிக லேசான துணியில் செய்த ஸீபேக்ஸ் டூப்ளெக்ஸ் டென்ட் இந்த வகைதான். எடை அரைக் கிலோவை ஒட்டித்தான் வரும், விலை 600 டாலரைத் தாண்டும். அருமையான பொருள். ஆனால் பகலில் போல் உடைந்தால் இரவில் வீட்டுக்குத் தூண் இருக்காது. விமானத்தில் போலைக் கையோடு எடுத்துப்போக விடமாட்டார்கள், செக்-இன் பையில்தான் போட வேண்டும். முக்கியமான விஷயம், இவை தரையில் அடிக்கும் ஆணியும் கயிறும் இல்லாமல் நிற்காது. மந்தலாயில் ஒரு முறை, எடை மிச்சம் என்று நான் கொண்டுபோன மெல்லிய டைட்டானியம் ஆணிகள் சரளைக்கல்லில் பிடிக்கவே இல்லை. இரவு மூன்று முறை எழுந்து, கயிற்றைப் பெரிய கற்களில் சுற்றிக் கட்டினேன். அன்றிலிருந்து மூலைகளுக்கு மட்டும் தடித்த, மூன்று விளிம்புள்ள ஆணிதான். நூறு கிராம்கூடக் கூடவில்லை. வாங்கியதும் மாடியில் கட்டிப் பார்க்க நினைப்பவர்களுக்கு ஒரு யோசனை: கான்கிரீட்டில் ஆணி இறங்காது, நான்கு மூலைக்கும் நிரம்பிய தண்ணீர் கேன் வையுங்கள்.

துணியைப் பற்றி நிறையப் பேசலாம், சுருக்கமாகவே சொல்கிறேன். நைலான் வலுவானது, ஆனால் ஈரம் குடித்து நீளும். மாலையில் விறைப்பாகக் கட்டிய கூரை நள்ளிரவில் தொய்ந்திருக்கும், மழையிலேயே எழுந்து இழுத்துக் கட்ட வேண்டும். பாலியெஸ்டர் அவ்வளவு தொய்யாது. டைனீமா தொய்யவே தொய்யாது, ஆனால் கூரான கல்லில் இழுத்தால் எளிதில் ஓட்டை விழும். நல்லவேளையாக அதற்கான டேப் ஒட்டினால் போதும், தைக்கத்தான் கூடாது. சிலிக்கான் பூசிய துணிகளில் இன்னொரு சங்கதி: தையல்களை அடைக்காமலே விற்கும் டென்டுகள் உண்டு. சுத்த சிலிக்கான் பசையை மினரல் டர்பென்டைனில் கரைத்து நீங்களே தூரிகையால் பூச வேண்டும். வாங்கும்முன் இதைக் கேட்டுவிடுங்கள்.

"இரண்டு பேர்" என்ற சொல்லை மட்டும் நம்பவே நம்பாதீர்கள். பலரும் விரும்பிக் கேட்கும் பிக் ஆக்னஸ் காப்பர் ஸ்பர் இருவர் டென்டின் தரை, தலைப்பக்கம் 132 சென்டிமீட்டர், கால்பக்கம் 107. கீழே விரித்துப் படுக்கும் சாதாரண மேட் (பாய்) ஒன்றின் அகலம் 51, இரண்டு போட்டால் 102. சரியாக அடங்கும். அகல மேட் 64, இரண்டு போட்டால் 128. தலைப்பக்கம் போகும், கால்பக்கம் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். அதே டென்டுக்கு இரண்டு எடை சொல்வார்கள். துணியும் கம்பும் மட்டும் சுமார் 1.2 கிலோ, ஆணி, கயிறு, பை எல்லாம் சேர்த்தால் சுமார் 1.4. முதுகு சுமப்பது இரண்டாவதைத்தான். என் கடைத்தரையில் இந்த அளவைச் சாக்பீஸால் வரைந்து, வருகிற இருவரையும் பத்து நிமிடம் உள்ளே படுக்கச் சொல்வேன். நெருங்கிய நண்பர்களாக வந்து, ஆளுக்கொரு டென்ட் கேட்டுப் போனவர்கள் உண்டு.

ஆளுக்கொரு கதவு இருக்கிறதா என்றும் பாருங்கள். ஒரே கதவு என்றால் இரவில் ஒருவர் இன்னொருவரைத் தாண்டித்தான் போக வேண்டும். கதவுக்கு வெளியே திண்ணை மாதிரி கூரை நீண்டிருக்குமே, அங்கே பையும் ஷூவும் வைக்கலாம். அடுப்பு வேண்டாம். மூடிய டென்டில் எரியும் அடுப்பிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே கொல்லும். மழைக்கும் குளிருக்கும் இதில் விதிவிலக்கு இல்லை. சமைக்க முடியாத இரவில் கடலைமிட்டாய் சாப்பிட்டுப் படுங்கள்.

டென்டுகள் சாவது மலையில் குறைவு, நம் வீட்டுப் பரணில் அதிகம். தண்ணீர் புகாமலிருக்கப் பாலியூரித்தேன் பூச்சு பூசிய துணியை ஈரத்தோடு சுருட்டி வைத்தால், நம் ஊர்ப் புழுக்கத்தில் பூச்சு சிதைந்து பிசுபிசுக்கும், புளித்த வாடை வரும். அதற்கு வைத்தியம் இல்லை. திரும்பியதும் நிழலில் முழுதாக உலர்த்தி, தலையணை உறையில் தளர்வாகப் போட்டு வையுங்கள். போன மாதம் ஒருவர் நான்கு வருடம் பரணில் கிடந்த டென்டைக் கொண்டுவந்தார். விலை உயர்ந்தது, இரண்டே முறை பயன்படுத்தியது. பையைத் திறந்ததுமே வாடை அடித்தது, பிரித்தால் துணியோடு துணி ஒட்டிக்கொண்டு வந்தது. அலுமினியக் கம்புகளை மட்டும் என்னிடம் விட்டுப் போனார். அதில் ஒரு துண்டு இப்போது வேறொருவரின் டென்டில் இருக்கிறது.