வகுப்பறையில் ஏற்கெனவே இருக்கும் வழிகாட்டி

ஆஸ்திரேலியாவில் பள்ளி ஆண்டு ஜனவரிக் கடைசியில் தொடங்கும். நாட்டின் வடக்கே இருக்கும் நார்தர்ன் டெரிட்டரி என்ற நிலப்பகுதியின் வடபகுதிக்கு அது நல்ல மழைக்காலம். ஆறுகள் பெருகி மண்சாலைகள் மூடிவிடும். பல அபோரிஜினல் (பூர்வகுடி) ஊர்களுக்குச் சிறு விமானத்தில்தான் போக முடியும். அப்படிப் போய் இறங்குகிறவர்களில் போன வருடம்தான் பல்கலைக்கழகம் முடித்த ஆசிரியர்கள் நிறையப் பேர். எனக்குத் தெரிந்த தமிழ் ஆசிரியர்கள் சிலரும் இப்போது அங்கே போகிறார்கள். ஓரிரு ஆண்டுகளில் கிளம்பிவிடுகிறவர்கள்தான் அதிகம். பிள்ளைகளுக்கு மறுபடியும் ஒரு புது முகம், மறுபடியும் முதல் பாடம்.

புதிய ஆசிரியர்களுக்கு வழிகாட்டியாக இருப்பது என் வேலை. எனக்குச் சொல்ல இருப்பது ஒன்றுதான்: பூர்வகுடிப் பள்ளியில் அந்த வேலையை வெளியிலிருந்து வந்த ஒருவர் தனியாகச் செய்ய முடியாது. அதில் பாதிக்கு மேல் அந்த ஊர்க்காரர்களின் வேலை. அதற்கு நேரமும் சம்பளமும் மரியாதையும் தர வேண்டும்.

ஆஸ்திரேலியாவின் தேசிய ஆசிரியர் தரநிலைகள் 2011-இல் வந்தவை. மொத்தம் 37 கூறுகள். அவற்றில் 1.4 பூர்வகுடி மாணவர்களுக்குக் கற்பிக்கும் முறைகளைப் பற்றியது, 2.4 அம்மக்களைப் புரிந்து மதித்து நல்லிணக்கத்தை வளர்ப்பது பற்றியது. தற்காலிக ஆசிரியர் பதிவிலிருந்து முழுப் பதிவுக்குப் போக, புதிய ஆசிரியர் எல்லாத் தரநிலைகளுக்கும் தன் வகுப்பிலிருந்து சான்று காட்ட வேண்டும். இந்த இரண்டு கூறுகளுக்கும் பலர் காட்டுவது பூர்வகுடி மக்களின் பண்பாட்டைக் கொண்டாடும் நெய்டாக் வாரத்தில் எடுத்த புகைப்படங்களையும் சுவரில் ஒட்டிய புள்ளி ஓவியங்களையும்தான். இதை ஏற்றுக்கொண்டு கையெழுத்துப் போடுகிற வழிகாட்டி அந்த ஆசிரியருக்கு நல்லது செய்யவில்லை. நான் வேறொன்றைக் கேட்பேன். உங்கள் வகுப்பில் இருக்கும் உதவி ஆசிரியரோடு கடைசியாக எப்போது உட்கார்ந்து பாடம் திட்டமிட்டீர்கள்? அவர் சொல்லி எதை மாற்றினீர்கள்?

தொலைதூரப் பள்ளிகள் பலவற்றில் அந்த ஊரைச் சேர்ந்த ஓர் உதவி ஆசிரியர் வகுப்பில் இருப்பார். பெரும்பாலும் பெண்கள். பத்து, இருபது வருடங்களாக அங்கேயே வேலை செய்கிறவர்கள் உண்டு. வந்து போன ஆசிரியர்கள் அத்தனை பேரையும் பார்த்தவர்கள். பிள்ளைகளின் மொழி, வீடு, உறவு எல்லாம் அவர்களுக்குத் தெரியும். ஆனால் நேற்று வந்த ஆசிரியர் அவரிடம் ஒளிநகல் எடுத்து வரச் சொல்கிறார், சத்தம் போடும் பையனை அடக்கச் சொல்கிறார். ஆசிரியருக்குத் திமிர் என்று இதை முடித்துவிட முடியாது. அந்த அம்மாவிடம் கற்றுக்கொள்ள வேண்டும் என்று யாரும் அவருக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். கால அட்டவணையிலும் அதற்கு இடம் இருக்காது.

அவரிடம் கற்றுக்கொள்ள என்னதான் இருக்கிறது? உறவுமுறையிலிருந்து தொடங்கலாம். மத்திய ஆஸ்திரேலியாவின் வார்ல்பிரி மக்களிடம் எட்டு உறவுப் பிரிவுகள். ஆணுக்கு ஒரு பெயர், பெண்ணுக்கு ஒரு பெயர் என்று பதினாறு பெயர்கள். நார்தர்ன் டெரிட்டரியின் வடகிழக்கில் உள்ள ஆர்னெம் லாண்டின் யோல்ங்கு மக்களிடம் துவா, யிரிட்ஜா என்று உலகமே இரண்டு பாதி. யார் யாரோடு பேசலாம், யார் யாரை நேராகப் பார்க்கக்கூடாது, யார் அருகருகே உட்காரக்கூடாது என்பதெல்லாம் இதில் அடங்கும். மருமகன் முறையில் இருப்பவர் மாமியார் முறையில் இருப்பவரை விட்டு விலகியே இருக்க வேண்டும். இந்த முறை ஒரே வகுப்பில் படிக்கும் இரண்டு குழந்தைகளுக்குள்ளும் வரலாம். இது தெரியாத ஆசிரியர் அவர்களை ஜோடியாக உட்காரவைத்து வாசிக்கச் சொல்வார். இருவரும் வாயே திறக்க மாட்டார்கள். ‘ஒத்துழைக்கவில்லை’ என்று குறிப்பேட்டில் ஏறிவிடும்.

நமக்கு இதைப் புரிந்துகொள்வது அத்தனை கடினம் இல்லை. சித்தியும் பெரியம்மாவும் நமக்கு அம்மாதான்; மாமன் பிள்ளையும் சித்தப்பா பிள்ளையும் ஒன்றல்ல. அங்கேயும் அம்மாவின் சகோதரிகள் எல்லோரும் அம்மாதான். ‘எந்த அம்மா, பெற்ற அம்மாவா?’ என்று ஆசிரியர் துருவிக் கேட்டால் பிள்ளை குழம்பிப்போகும்.

அடுத்தது காது. நடுக்காது அழற்சி தொலைதூர அபோரிஜினல் ஊர்களில் கைக்குழந்தையாக இருக்கும்போதே தொடங்கிவிடுகிறது. காதில் சீழ் வடியும் நாள்பட்ட நோய் ஒரு மக்கள்தொகையில் 4 சதவீதத்தைத் தாண்டினாலே அது பெரும் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அளவுகோல். பல ஊர்கள் அதைப் பல மடங்கு தாண்டியவை. அதாவது உங்கள் வகுப்பில் கவனிக்காமல் இருப்பதாகத் தோன்றும் பிள்ளைக்கு நீங்கள் சொல்வது பாதிதான் கேட்டிருக்கும். அதுவும் வீட்டில் பேசாத மொழியில். ஏர்கண்டிஷனர் இரைச்சல் வேறு. வகுப்பு முழுவதும் ஆசிரியர் குரலைச் சீராகப் பரப்பும் ஒலிபெருக்கி சில பள்ளிகளில் பொருத்தப்பட்டிருக்கிறது. அது சுவிட்ச் போடப்பட்டிருக்கிறதா, மைக்கில் சார்ஜ் இருக்கிறதா என்பதை நான் முதலில் பார்ப்பேன். எந்தப் பிள்ளைக்கு இந்த வாரம் காது வடிகிறது என்பது உதவி ஆசிரியருக்குத் தெரிந்திருக்கும்.

கேள்வி கேட்கும் பழக்கமும் மாற வேண்டும். பெயர் சொல்லிக் கூப்பிட்டு, எழுந்து நின்று பதில் சொல்லச் சொல்வது நம் ஊர் ஆசிரியர்களுக்குக் கைவந்த முறை. அங்கே எல்லோர் முன்னாலும் தனித்து நிற்கவைப்பது பிள்ளையைக் கூசிக் குறுகவைக்கும். ‘புரிந்ததா?’ என்று கேட்டால் ‘ஆமாம்’ என்று வரும். பேச்சை அத்தோடு முடித்துக்கொள்ளச் சொல்லும் ‘ஆமாம்’ அது. புரிந்தது என்று அர்த்தம் இல்லை. கேட்டுவிட்டுக் காத்திருங்கள். அமைதி நீண்டால் பதறி அடுத்த பிள்ளையிடம் தாவாதீர்கள்.

ஊரில் சாவு விழுந்தால் வகுப்பு காலியாகும். சடங்குகள் நாள்கணக்கில், சில நேரம் வாரக்கணக்கில் நீளும். இறந்தவர் பெயரைச் சொல்லக்கூடாது. அதே பெயர் உள்ள பிள்ளையையும் வேறு பெயரில் கூப்பிட வேண்டியிருக்கும். சுவரில் அவர் படம் இருந்தால் குடும்பத்தைக் கேட்டு எடுக்க வேண்டும். இதையெல்லாம் நேரத்தில் சொல்லக்கூடியவர் அந்த உதவி ஆசிரியர் ஒருவர்தான்.

அவர் ஏன் தானாக முன்வந்து சொல்வதில்லை என்று புதியவர்கள் கேட்பதுண்டு. அதற்கு வரலாறு தெரிய வேண்டும். நியூ சவுத் வேல்ஸில் வெள்ளைப் பெற்றோர் ஆட்சேபித்தால் அபோரிஜினல் பிள்ளையைப் பள்ளியிலிருந்து வெளியேற்றலாம் என்ற நடைமுறை 1902-இல் வந்தது. அதன் மிச்சம் 1972-இல்தான் விதிப்புத்தகத்திலிருந்து போனது. அபோரிஜினல் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பறித்த அரசுக் கொள்கை 1970-கள் வரை ஓடியது. இன்று பள்ளி வாசலோடு நின்றுவிடும் பாட்டிகள் அந்தக் காலத்துப் பிள்ளைகள். நார்தர்ன் டெரிட்டரியில் 1973-இல் இருமொழிக் கல்வி தொடங்கியது. ஊர்க்காரர்கள் தங்கள் மொழியில் புத்தகம் எழுதினார்கள், பாடம் நடத்தினார்கள். 2008-இல், தினமும் முதல் நான்கு மணி நேரம் ஆங்கிலத்தில் மட்டும் என்று அரசு அறிவித்தது. பிறகு அது கைவிடப்பட்டது. ஆனால் வாழ்நாள் உழைப்பை ஓர் அறிவிப்பில் இழந்தவர்கள், புதிதாக வருகிறவரின் ‘புதுத் திட்டத்தை’ நம்பக் கொஞ்சம் நாளாகும்தானே?

அந்த மொழிப் புத்தகங்கள் பலவற்றை இப்போது சார்லஸ் டார்வின் பல்கலைக்கழகத்தின் மின் ஆவணக் காப்பகத்தில் படிக்கலாம். விமானம் ஏறும் முன் உங்கள் ஊர் மொழியில் ஒன்றைத் தேடி எடுத்துக்கொள்ளுங்கள். உதவி ஆசிரியரிடம் அதை வாசித்துக்காட்டச் சொல்லுங்கள். பேச்சு அங்கிருந்து தொடங்கும். அதை எழுதியவர் அவருடைய அத்தையாகவே இருக்கலாம்.

ஊர் தலைமை ஏற்றால் பள்ளி எப்படி மாறும் என்பதற்கு ஆர்னெம் லாண்டின் யிர்க்கலா பள்ளி இருக்கிறது. யோல்ங்கு ஆசிரியரான டாக்டர் எம். யுனுபிங்கு 1990-இல் அங்கே தலைமை ஆசிரியரானார். யோத்து யிண்டி இசைக்குழுவின் பாடகராக உலகம் அறிந்தவரும் அவர்தான். இரண்டு அறிவு மரபுகளும் சரிசமமாகக் கலக்கும் கல்வியை அவரும் ஊர்ப் பெரியவர்களும் உருவாக்கினார்கள். யூண்டமூ, லஜமானு, வில்லோரா, நிர்ப்பி ஆகிய நான்கு ஊர்களின் வார்ல்பிரி ஆசிரியர்கள் ஒன்றுகூடிப் பாடத்திட்டம் பேசுகிறார்கள். சுரங்க உரிமத்தொகையிலிருந்து 2005-இல் அவர்களே அமைத்துக்கொண்ட கல்வி அறக்கட்டளை துணை நிற்கிறது. முதல் வருட ஆசிரியரை அந்தக் கூட்டத்துக்கு அனுப்புங்கள் என்று தலைமை ஆசிரியர்களிடம் நான் கெஞ்சாத குறையாகக் கேட்பேன். எந்தப் பயிற்சிப் பட்டறையும் அதற்கு ஈடாகாது.

இரக்கம் பற்றியும் சொல்ல வேண்டும். நல்ல மனது உள்ள புதியவர்கள் அதிகமாக விழும் பள்ளம் அது. ‘பாவம், வீட்டில் எவ்வளவு கஷ்டமோ’ என்று ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு வண்ணம் தீட்டும் தாளைக் கொடுத்துவிடுவார்கள். குவின்ஸ்லாந்தின் ஷெர்பர்க் பள்ளிக்கு 1998-இல் முதல் அபோரிஜினல் தலைமை ஆசிரியராக வந்த கிறிஸ் சாரா போராடியது இந்த மனப்பான்மையோடுதான். பிள்ளைகளால் முடியும் என்று நம்பி, அதற்கேற்ற வேலையை எதிர்பார்த்தார். வருகையும் படிப்பும் உயர்ந்தன. நான் வகுப்பைப் பார்க்கப் போனால் பிள்ளைகளின் நோட்டுகளைப் புரட்டுவேன். இந்த வாரம் எதைச் சிரமப்பட்டு யோசித்தார்கள் என்று தேடுவேன். வீட்டு மொழியில் பேசிப் புரிந்துகொண்டு ஆங்கிலத்தில் எழுதட்டும், அதில் தவறே இல்லை. பாடத்தின் கனம் மட்டும் குறையக்கூடாது.

தலைமை ஆசிரியர்களுக்கு: கூட்டாகத் திட்டமிடும் நேரத்தை வேலை நேரத்துக்குள், சம்பளத்தோடு வையுங்கள். வகுப்பு முடிந்ததும் உதவி ஆசிரியரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, மாலையில் வழிகாட்டியும் புதியவரும் மட்டும் பேசுவது போதாது. வகுப்பைப் பார்த்தபின் கருத்துக் கூறும் கூட்டத்தில் உதவி ஆசிரியரும் உட்காரட்டும். முதலில் அவரே பேசட்டும்.

போகலாமா என்று யோசிக்கும் தமிழ் ஆசிரியர்கள் நேர்காணலில் வீடு, விமானச் செலவு பற்றிக் கட்டாயம் கேளுங்கள். அப்புறம் இவற்றையும் கேளுங்கள்: என் வகுப்பில் உதவி ஆசிரியர் யார், எத்தனை வருடமாக இருக்கிறார்? எங்கள் இருவருக்கும் வாரத்தில் எத்தனை மணி நேரம் ஒதுக்கியிருக்கிறீர்கள்? ஊரை எனக்கு அறிமுகப்படுத்தப்போவது யார்? பதில் தெளிவாக வந்தால் அந்தப் பள்ளிக்குத் தைரியமாகப் போகலாம். வரவில்லை என்றாலும் போகலாம். முதல் வாரத்திலேயே அந்த நேரத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.